கீழ் மாடியில் பொங்கிய பால்

"தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து விடுய்யா… பாலு பொங்கப் போவுது."

யுகேந்திரன் திறந்துவிட்டான். ஏன் திறந்தான் என்று கேட்டால் இன்றைக்கும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. தரை துடைக்க மோப்பு வாங்கக் கீழே கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவன் அவன். வாடகைக்கு எடுத்து இன்னும் ஒரு ராத்திரிகூடப் படுக்காத வீடு அது. அதற்குள் முன்பின் தெரியாத ஓர் அம்மா அடுப்பு வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் ஒரு சத்தம் போட்டிருப்பார்கள். ஆனால் சுவரோரம் மாரியம்மன் படம், முன்னால் காமாட்சி விளக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்… அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பக்தி. வீட்டுக்காரச் சீன ஆன்ட்டிதான் யாரையோ பேசி அனுப்பியிருக்கிறாள் போல என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

சீன ஆன்ட்டி எதற்கு மாரியம்மனுக்குப் பழம் வாங்கப் போகிறாள் என்று யோசிக்க நேரமில்லை. பால் பொங்கிவிட்டது. கிழக்குப் பக்கமாக, நுரை நுரையாக வழிந்தது. அந்த அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவனும் மோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான்.

அப்போதுதான் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள் தினேஸ்வரி.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. மழை அவள் முன்முடியில் பொட்டுப் பொட்டாக நின்றிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகான கண்கள்தான்… மையே வேண்டாத கண்கள். ஆனால் அந்த நிமிடம் அவை இரண்டும் அவனை முறைத்துக்கொண்டிருந்தன.

"அம்மா, இங்க என்னா செய்றீங்க? நம்ம வீடு மேல."

காளியம்மாவுக்கு விளங்கவில்லை. மூன்றாவது மாடி என்றுதானே மகள் சொன்னாள். எண்ணிக்கொண்டுதானே ஏறினாள். தரையில் இருக்கும் வீடு ஒன்று, அதற்கு மேல் இரண்டு, அதற்கு மேல் மூன்று. கணக்கு சரியாகத்தானே வருகிறது?

பாவம், அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது. பிறந்து வளர்ந்து கட்டிக்கொண்டு பிள்ளை பெற்றதெல்லாம் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். லயத்துக்கு மாடி ஏது? தரை வீட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மகள் கீழே லோரிக்காரனோடு கட்டில் இறக்கிக்கொண்டிருந்தாள். எமகண்டம் வருவதற்குள் பாலைக் காய்ச்சிவிட வேண்டுமே என்று இவள் பானையும் அடுப்புமாக முன்னால் ஏறிவிட்டாள். சாவி மகளிடம்தான் இருந்தது. ஆனால் கதவுதான் ஆவென்று திறந்து கிடந்ததே.

தினேஸ்வரிக்குக் கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. கையில் கிடைத்தவன் யுகேந்திரன்.

"வீட்டைத் தொறந்து போட்டுட்டா கடைக்குப் போவீங்க?"

"என் வீட்டுல நின்னுக்கிட்டு என்னையே ஏசுறீங்களே…"

"ஏசல. கேக்குறேன்."

"திருடன் வந்தா எடுக்க ஒண்ணும் இல்லலா. பால் காய்ச்ச வருவாங்கன்னு நெனைக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடக்கிவைத்தாள். அவன் அதையும் பார்த்துவிட்டான். அவ்வளவுதான்… விழுந்தான். நுரை அடங்காத பாலை ஒரு கோப்பையில் ஊற்றி அந்த அம்மா அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்தது பாலா பச்சைத் தண்ணீரா என்று அவனுக்குத் தெரியாது.

தினேஸ்வரி சிரிக்காமல் மடக்கிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அந்த மேல் மாடி வீடு கிடைப்பதற்குள் அவள் பட்ட பாடு அப்படி. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று ஆனதிலிருந்து நாலு மாதம் ஈப்போ பட்டணம் முழுக்க அலைந்தாள். வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் மதியச் சோற்றை வைத்துவிட்டுப் போன் போடுவாள். வீடு இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்பார்கள். பேரைக் கேட்பார்கள். தினேஸ்வரி என்றதும் ஒரு சின்ன மௌனம்… அப்புறம், ஐயோ இப்பதான் ஒருத்தர் எடுத்துவிட்டார் என்பார்கள். சிலர் மறைக்கவே இல்லை. சாம்பிராணிப் புகை சுவரில் படியும், இந்தியர்களுக்கு விடுவதில்லை என்று நேராகவே சொன்னார்கள். வாடகை கட்டுப்படியானால் ஆள் கட்டுப்படியாகாது. ஆள் கட்டுப்படியானால் வாடகை கட்டுப்படியாகாது. கடைசியில் ஜெலாப்பாங்கில், லிப்ட் இல்லாத இந்தப் பிளாட்டில், ஏறிவர யாரும் விரும்பாத மூன்றாவது மாடி அவளுக்குக் கிடைத்தது. அதில் ஒரு வைராக்கியம் அவளுக்குள் ஊறிப்போயிருந்தது. இனி யார் முன்னாலும் போய் நின்று எதையும் கேட்பதில்லை.

நாள் முழுக்க ஊரார் வாயை ஆவென்று திறக்கச் சொல்கிறவள், தன் வாயை மட்டும் பூட்டிக்கொண்டாள் என்று வையுங்கள்.

ஆனால் காளியம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். மேலே போய்த் திரும்பப் பால் காய்ச்ச மாட்டாளாம். காய்ச்சினது காய்ச்சினதுதான். பொங்கின வீட்டை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு வீட்டில் இன்னொரு தரம் காய்ச்சினால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மா அசையவில்லை. அழுதேவிட்டாள்.

யுகேந்திரனுக்கு மனசு தாங்கவில்லை. வேண்டுமானால் அவர்கள் கீழேயே இருந்துகொள்ளட்டும், தான் மேலே போய்க்கொள்வதாகச் சொன்னான். கீழ் வீட்டுக்கு வாடகை அதிகம் என்பது அவளுக்குத் தெரியும். அதைக்கூட அவன் சீன ஆன்ட்டியிடம் பேசிச் சரிசெய்கிறேன் என்றான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று பட்டது. யாரும் விட்டுக்கொடுத்துத் தங்களுக்கு வீடு வேண்டாம் என்று வெட்டிச் சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

காளியம்மா மட்டும் வாசலில் நின்று அவனிடம் ஒன்று கேட்டாள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்து இந்த இடத்தில் ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போகலாமா என்று. அவன் மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அவனுக்கு அம்மா இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டாள். அண்ணன் வீட்டில் ஒண்டி வளர்ந்து, கார் பட்டறைக்கு மேலே நாலு பேரோடு ஒரு அறையில் கிடந்து, இப்போதுதான் தனக்கென்று ஒரு வீடு எடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, கையெல்லாம் கிரீஸோடு கதவைத் திறந்தால்… மூலையில் விளக்கு எரியும். சாம்பிராணி மணக்கும். சில நாள் மூடி வைத்த கிண்ணத்தில் சுண்டல் இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருப்பான். மேல் மாடியில் நடமாடும் சத்தம் கேட்கும். கனமாக, இழுத்து இழுத்து நடந்தால் அம்மா. டக் டக்கென்று நடந்தால் அவள். அந்தக் காலடி எந்த நேரத்தில் எந்த அறைக்குப் போகும் என்று அவனுக்குப் பாடமாகிவிட்டது. பக்கத்து வீட்டு டிவி சத்தமாக இருந்தால் எரிச்சல் வரும் அளவுக்கு முற்றிவிட்டது.

அங்கே என்னவாம்? அங்கேயும் அதே கதைதான். காலையில் அவன் மோட்டோ சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் தேத்தண்ணி கலக்குவாள். அவன் புகழ் பாடவே அம்மா இருந்தாள். அந்தத் தம்பி தானே சோறாக்கிக்கொள்கிறான், அந்தத் தம்பி வீட்டைப் பளிங்கு மாதிரி வைத்திருக்கிறான்… கேட்காத மாதிரியே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்பாள் தினேஸ்வரி.

காளியம்மாவுக்கு முட்டி வலி வந்தது. படி இறங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு மகளிடம் வந்து சேர்ந்தது.

முதல் தரம் அவன் வீட்டுக்குள் தனியாகக் காலெடுத்து வைத்தபோது அவன் வேலைக்குப் போயிருந்தான். ஒரு தட்டு. ஒரு கோப்பை. கொடியில் ஒரு துண்டு. ஒரு வீட்டில் எல்லாமே ஒன்று ஒன்றாக இருப்பதைப் பார்த்தால் மனசை என்னவோ செய்கிறதே… விளக்கை ஏற்றிவிட்டு ஓடிவந்துவிட்டாள். அடுத்த வாரம் ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவன் சட்டைகள் மழையில் நனையப் போனதைப் பார்த்து உள்ளே எடுத்து மடித்து வைத்தாள். மடித்த சட்டையின் மேல் கையை வைத்தவள் உடனே எடுக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் விளக்குப் பக்கத்தில் வேர்க்கடலை வைத்து மடித்த அப்பம் பாலேக் ஒரு பொட்டலம் இருந்தது. வேலைக்கு நடுவில் ஓடிவந்து, சூடு ஆறாமல் இருக்கத் துண்டு போட்டு மூடி, அம்மாவுக்கு என்று எழுதி வைத்திருந்தான். காளியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். தினேஸ்வரி அந்த இடத்திலேயே உட்கார்ந்து வேர்க்கடலை உதிர உதிர முழுசையும் தின்றாள்.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, கிளேடாங் மலையே தெரியாத அளவுக்கு மழை. விளக்கேற்றிவிட்டுக் கதவைப் பூட்டித் திரும்பினால், படிக்கட்டில் அவன் உட்கார்ந்திருக்கிறான். தலை ஈரம். சட்டை பாதி காய்ந்துவிட்டது.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான்."

"சட்டை காஞ்சிருக்கு."

அவன் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டான். மாட்டிக்கொண்டவன் மாதிரி சிரித்தான்.

"உள்ள வர வேண்டியதுதானே. உங்க வீடுதானே."

"வந்தா நீங்க ஓடிடுவீங்க… அதான்."

அவள் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. படிக்கட்டுச் சாளரம் வழியாகச் சாரல் இரண்டு பேர் மேலும் தெறித்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்த்தாள். எவ்வளவு நேரமோ… யாரோ கீழே இருந்து ஏறிவரும் சத்தம் கேட்டுத்தான் அவள் விடுவிடுவென்று மேலே போனாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை. காளியம்மா ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள்.

ஏறிவந்தது சன்னாசி. காளியம்மாவின் தம்பி, தினேஸ்வரியின் தாய்மாமா. கோலா கங்சாரிலிருந்து அக்காளைப் பார்க்க வந்தவர். கெட்ட மனுஷன் இல்லை. அப்பா இல்லாத பிள்ளைக்கு அப்பாவாக நின்று பள்ளிக்கூடம் அனுப்பியவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"விளக்கேத்துறதுன்னா சும்மாவாக்கா? ஒரு வீட்டுக்கு விளக்கேத்த வர்றவ யாரு? மருமக. கல்யாணம் ஆகாத பிள்ளையை ஒத்த ஆம்பள வீட்டுக்கு அனுப்பி வாரா வாரம் விளக்கேத்த வெச்சிருக்கியே, நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

தினேஸ்வரிக்கு முகம் குப்பென்று சூடேறியது. மருமகள் என்ற சொல்… அது அவமானமாக இருந்திருந்தால் பரவாயில்லை. இனித்தது. அதுதான் தாங்க முடியவில்லை. மாமா சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டாள். அவரே இறங்கிப் போய் யுகேந்திரனிடம் கொடுத்துவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

கீழ் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு நின்றுபோனது. அப்பம் பாலேக்கும் நின்றுபோனது. படியில் எதிர்ப்பட்டால் அவன் தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் ஒதுங்கிப் போனான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்… கேட்க மாட்டாள். அவள்தான் யாரிடமும் கேட்பதில்லையே. ராத்திரி படுத்துக்கொண்டு தரையில் காதை வைத்துப் பார்த்தாள். கீழே ஒரு சத்தமும் இல்லை. கட்டில் இருக்கும்போது அவள் ஏன் தரையில் படுக்கிறாள் என்று கேட்க நினைத்த காளியம்மா, கேட்காமல் விளக்கை அணைத்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காளியம்மா சேதி சொன்னாள். தூரத்தில், தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலையில் அந்தத் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டதாம். இன்றைக்கே கிளம்புகிறானாம். போகிறவன் சும்மா போகவில்லை. சீன ஆன்ட்டியிடம் மன்றாடி, இவர்கள் மேலே கட்டுகிற அதே வாடகைக்குக் கீழ் வீட்டை இவர்களுக்கே விடச் சொல்லிவிட்டானாம். பால் பொங்கின வீடு அந்த அம்மாவுக்கே போகட்டும் என்று.

"நாந்தான் போயி நன்றி சொல்லணும்… முட்டி விட மாட்டேங்குது. நீ போயிட்டு வாம்மா," என்றாள் காளியம்மா.

அன்று காலையில்தான் அந்த முட்டி பாசாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தது. நாம் அதைப் பேச வேண்டாம்.

தினேஸ்வரி நன்றி சொல்லவா போனாள்? சண்டை போடப் போனாள். கீழே சின்ன லோரி நின்றது. மெத்தையும் பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. அவன் காலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"யாரைக் கேட்டு எங்களுக்கு வீடு பேசுனீங்க?"

அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். "அம்மா பால் காய்ச்சுன வீடு…"

"நான் கேட்டேனா?"

"நீங்க என்னைக்குத்தான் எதையாச்சும் கேட்டிருக்கீங்க?"

மெதுவாகத்தான் சொன்னான். கோபம் இல்லை, ஏக்கம்தான் இருந்தது.  அவனே தொடர்ந்தான். மாமா அன்றைக்குச் சாவி கொடுக்கும்போது திட்டவில்லையாம். கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா இல்லாத பிள்ளை தம்பி, பேர் கெட்டுப் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். திட்டியிருந்தால் இங்கேயே இருந்திருப்பானாம்.

"விளக்கேத்துறது மருமக செய்யிற வேலைன்னு சொன்னாரு. எனக்குக் கோபம் வந்திருக்கணும் தினேஸ்… சந்தோசமா இருந்துச்சு. இந்த ஆசையை வெச்சிக்கிட்டு உங்க வீட்டுக்குக் கீழயே எப்படி இருக்கிறது? உங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. முதல் நாளே விட்டுக்கொடுத்தா வேணாம்னு சொன்னவங்க நீங்க. அதான் போயிடலாம்னு…"

வெளியே இடி இடித்தது. முதல் துளிகள் ஜன்னல் தகரத்தில் விழுந்தன. தினேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாகப் பூட்டி வைத்த வாயைத் திறந்தாள்.

"கண்டா ஆகாதுன்னு யாரு சொன்னா? நீங்க மோட்டோ எடுக்கிற சத்தம் கேக்காம நான் தேத்தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. வீடு கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சுங்க. கேட்ட இடத்துல எல்லாம் இல்லைன்னுட்டாங்க. அதனால உங்ககிட்ட கேக்கவே பயம்…" அவள் குரல் உடைந்தது. "வீடு இல்லைன்னா இன்னொரு தெருவுல போயித் தேடுவேன். நீங்க இல்லைன்னா… நான் எங்க போயித் தேடுறது?"

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் கண்கள் நிறைந்துவிட்டன. துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"கேக்குறேன். போகாதீங்க," என்றாள்.

"தேட வேணாம் தினேஸ்," என்றான் அவன். "இங்கதான் இருப்பேன். நாளைக்கே கோலா கங்சார் போயி மாமாகிட்ட பொண்ணு கேக்குறேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இந்தத் தரம் மடக்கவில்லை. அப்புறம்தான் இரண்டு பேருக்கும் திறந்த லோரியில் நனைந்துகொண்டிருக்கும் மெத்தை ஞாபகம் வந்தது. கொட்டும் மழையில் ஓடிப்போய் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள்.